அழும் குழந்தையை உலுப்பாதீர்கள்: நாற்பது கழிந்த வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்

கடந்த தவணையில் ஒரு நாள், சுகாதாரப் பாடம் கற்பிக்கும் ஆசிரியை விடுமுறையில் இருந்ததால் தரம் 10 வகுப்புக்கு நான் செல்ல வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளில் செல்வோர் ஏன் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதை விளக்க ஒரு சின்னப் பரிசோதனை செய்து காட்டினேன். ஒரு முட்டையை உடைத்து, மஞ்சட்கரு கலையாமல் ஜாம் போத்தல் ஒன்றுக்குள் விட்டேன். போத்தலை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி மூடியை இறுக்கினேன். மேசையில் வைத்து மெல்ல உருட்டியபோது மஞ்சட்கரு அப்படியே இருந்தது. பின்னர் போத்தலைக் கையில் எடுத்து நாலைந்து தடவை வேகமாக முன்னும் பின்னும் உலுப்பினேன். மஞ்சட்கரு உடைந்து தண்ணீர் முழுவதும் கலங்கிப் போனது. போத்தலில் ஒரு கீறல்கூட இல்லை.

"வெளியே காயம் இல்லை என்பதற்காக உள்ளேயும் காயம் இல்லை என்று நினைக்கக் கூடாது" என்று சொல்லி முடிக்கும்போது, கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், அப்ப சின்னப் புள்ள அழக்குள்ள பிடிச்சு உலுப்பினா அதுக்கும் இப்பிடியா நடக்கும்?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

இடைவேளையில் அவனைத் தனியாக அழைத்துப் பேசினேன். வீட்டில் இரண்டு மாதத் தம்பி இருக்கிறான். வாப்பா வெளிநாட்டில். உம்மா சமைக்கும்போதும் உடுப்புக் கழுவும்போதும் தம்பியைப் பார்த்துக்கொள்வது இவன்தான். "ஒரு நாள் உலுப்பிட்டன் சேர். கொஞ்சந்தான். அவன் நிப்பாட்டவே இல்ல" என்றான். குரல் உடைந்திருந்தது. அன்று பாடசாலை விட்டதும் அவனது உம்மாவிடம் விடயத்தைச் சொல்லி, பிள்ளையை வைத்தியரிடம் காட்டச் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

அந்த மாணவனைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. காரணத்தை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கம் உண்டு. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பதினேழு வருடங்களுக்கு முன்னர் எனது மூத்த மகன் பிறந்தான். கிழக்கில் பல ஊர்களிலும் உள்ள வழக்கப்படி நான் மனைவியின் வீட்டில்தான் இருந்தேன். முதல் நாற்பது நாட்களும் வீடு நிறையப் பெண்கள். பிள்ளையைக் குளிப்பாட்ட ஒருவர், மனைவிக்குப் பத்தியச் சோறு சமைக்க ஒருவர், இரவில் மடியில் போட்டு ஆட்ட மாமி. அரச ஊழியர் என்ற வகையில் எனக்குக் கிடைத்த தந்தைமை விடுமுறை 3 நாட்கள் மட்டுமே. ஆனால் அந்த நாட்களில் நான் தேவைப்படவே இல்லை. நாற்பது கழிந்தது. மாமி மற்ற மகளின் பிரசவத்துக்காக வேறு ஊருக்குப் போனார். சாச்சிமார் தங்கள் வீடுகளுக்குப் போனார்கள். அடுத்த வாரம் மனைவிக்குக் காய்ச்சல்.

இரவு இரண்டு மணி இருக்கும். பிள்ளை ஒன்றரை மணித்தியாலமாக அழுதுகொண்டிருந்தான். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டு நடந்தாயிற்று. காலையில் எனக்குப் பாடசாலை. ஒரு கட்டத்தில் அவனது இரு கைகளுக்கும் கீழே பிடித்து என் முகத்துக்கு நேரே தூக்கி, "வாயை மூடு!" என்று கத்தினேன். அந்தச் சிறிய உடலை என் விரல்கள் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கே பயம் வந்துவிட்டது. அவனைப் பாயில் கிடத்திவிட்டு, கதவைத் திறந்துகொண்டு கிணற்றடிக்குப் போய் நின்றேன். முகம் கழுவினேன். திரும்பி வந்தபோதும் அழுதுகொண்டுதான் இருந்தான். ஆனால் என் கைகள் நடுங்குவது நின்றிருந்தது.

அப்போது நான் பயிற்றப்பட்ட ஆசிரியன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்தவன். பியாஜே சொன்ன வளர்ச்சிப் பருவங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பேன். ஆனால் ஏழு வாரக் குழந்தை ஏன் இப்படி அழுகிறது, அழுதால் நான் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை எந்த வகுப்பிலும் எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த மாணவனுக்கும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

கைக்குழந்தையைப் பிடித்து வேகமாக உலுப்புவதால் மூளைக்கு ஏற்படும் பாதிப்பை 'ஷேக்கன் பேபி சிண்ட்ரோம்' என்று நீண்ட காலமாகச் சொல்லி வந்தார்கள். உலுப்புவது மட்டுமன்றி, சுவரிலோ கட்டிலிலோ மோதச் செய்வதும் இதே பாதிப்பை உண்டாக்கும் என்பதால், 2009 இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் இதனைத் துன்புறுத்தலால் ஏற்படும் தலைக்காயம் என்ற பொதுப் பெயரால் அழைக்குமாறு கேட்டுக்கொண்டது.

விடயம் இதுதான். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு அது எட்டில் ஒரு பங்களவுதான். அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்துத் தசைகள் இன்னும் பலப்படவில்லை. மூளையும் மிக மென்மையானது. அதில் நீர்த்தன்மை அதிகம். குழந்தையின் நெஞ்சைப் பிடித்து வேகமாக உலுப்பும்போது தலை முன்னும் பின்னும் அடித்துக்கொள்கிறது. மண்டையோடு ஒரு பக்கம் போக, மூளை சற்றுப் பிந்தி அசைகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து மேலுறைக்குச் செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு அறுகின்றன. மூளையைச் சுற்றி இரத்தம் கசிகிறது. கண்ணின் விழித்திரையிலும் இரத்தம் கசியலாம். மூச்சு தடைப்பட்டு மூளைக்குப் பிராணவாயு குறைகிறது. மூளை வீங்குகிறது. இத்தனைக்கும் சில விநாடிகள் போதும்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் தரும் கணக்கின்படி, இவ்வாறு பாதிக்கப்படும் குழந்தைகளில் நால்வருக்கு ஒருவராவது மரணிக்கின்றனர். தப்பும் குழந்தைகளில் பெரும்பாலானோர் வாழ்நாள் முழுவதும் அதன் விளைவைச் சுமக்கின்றனர். பார்வை இழப்பு, வலிப்பு, கை கால் இயக்கமின்மை, கற்றல் குறைபாடு என்று பட்டியல் நீளும். விசேட கல்விப் பிரிவில் இருக்கும் ஒரு பிள்ளையைப் பார்க்கும்போது, பிறவியிலேயே இப்படி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் எல்லாப் பிள்ளைகளின் விடயத்திலும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது.

இதை வாசித்து எவரும் வீணாகப் பயப்படவும் கூடாது. ஏணையில் ஆட்டுவது, மடியில் போட்டுத் தாலாட்டுவது, தோளில் போட்டு முதுகைத் தட்டுவது, குண்டும் குழியுமான வீதியில் முச்சக்கர வண்டியில் கொண்டு செல்வது போன்றவை இந்தப் பாதிப்பை உண்டாக்குவதில்லை. கோபத்திலோ விரக்தியிலோ பலத்தைப் பிரயோகித்து உலுப்புவதுதான் ஆபத்து. ஆனாலும் பச்சைக் குழந்தையை மேலே எறிந்து பிடிப்பது, குளிப்பாட்டிய பின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது போன்ற பழக்கங்களைச் சிறு வயதில் நான் கண்டிருக்கிறேன். அவற்றைக் கைவிடுவதே நல்லது. வலிப்பு வந்த அல்லது மயங்கிய பிள்ளையை உலுப்பி எழுப்ப முயல்வதும் கூடாது.

அழுகைக்கு ஓர் உச்சம் உண்டு

அந்த இரவில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் விடயம், அந்த அழுகை இயல்பானது என்பது.

1962 இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் பெரி பிரேசல்டன் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டு நாளாந்தம் குறித்து வைக்கச் செய்தார். இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டு போய், ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொடுவதாகத் தெரிந்தது. அந்த வாரத்தில் நோயற்ற, சுகமான குழந்தைகளே நாளொன்றுக்கு இரண்டே முக்கால் மணித்தியாலமளவு அழுதன. பின்னர் அது குறைந்து, மூன்று நான்கு மாதங்களில் தணிந்துவிட்டது.

இது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பழக்கமா என்று கேட்கலாம். ஆபிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வாழும் குங் சான் மக்கள் குழந்தையை நாள் முழுவதும் உடலோடு கட்டிச் சுமப்பவர்கள். அழுதால் சில விநாடிகளில் பாலூட்டுபவர்கள். அவர்களது குழந்தைகளிடமும் முதல் மூன்று மாதங்களில் இதே ஏற்ற இறக்கம் காணப்பட்டது. ஒவ்வொரு தடவையும் அழும் நேரம்தான் குறைவாக இருந்தது.

இந்த அழுகைக்குச் சில அடையாளங்கள் உண்டு. காரணமில்லாமல் தொடங்கும், காரணமில்லாமல் நிற்கும். என்ன செய்தாலும் அடங்காது. நோவில் துடிப்பது போல முகம் சிவக்கும், உண்மையில் நோவு இருக்காது. பின்னேரமும் இரவின் முற்பகுதியிலும் அதிகம் வரும். நமது வீடுகளில் மஃரிப் நேரத்தில் பிள்ளை வீறிட்டால், கண்பட்டுவிட்டது என்று ஓதிப் பார்க்க அழைத்துச் செல்வது வழக்கம். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நேரத்து அழுகை இந்த வயதுக்குரியது, தாயின் குறையும் அல்ல, பிள்ளையின் குறையும் அல்ல என்பதையும் சேர்த்தே தாய்க்குச் சொல்லுங்கள். "உனக்குப் பால் காணாது", "பிள்ளையைத் தூக்கத் தெரியாது" போன்ற பேச்சுக்கள் ஏற்கெனவே களைத்துப்போன ஒரு பெண்ணை இன்னும் நொறுக்கிவிடும்.

இன்னொன்றையும் ஆய்வாளர்கள் கவனித்தனர். உலுப்பப்பட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் குழந்தைகளின் வயதை வரைபடமாக்கினால், அது அழுகையின் வரைபடத்தைச் சில வாரங்கள் பின்னால் நின்று அப்படியே தொடர்கிறது. அழுகைதான் பெரியவர்களின் பொறுமையை உடைக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நாற்பதும் ஆறாவது வாரமும்

இங்கேதான் நமது சமூகம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. நாற்பது நாள் என்பது ஆறு வாரத்துக்கு இரண்டு நாள் குறைவு. அதாவது, உதவிக்கு வந்தவர்கள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு புறப்படும் அதே நாட்களில்தான் குழந்தையின் அழுகை உச்சத்தைத் தொடுகிறது.

நமது மூதாதையர் ஏற்படுத்தி வைத்த நாற்பது நாள் ஓய்வு எவ்வளவோ நன்மையானது. பிரசவித்த பெண்ணைச் சுற்றிப் பத்துக் கைகள் இருந்தன. ஆனால் முன்னர் நாற்பது கழிந்தாலும் அந்தக் கைகள் அடுத்த வளவிலேயே இருந்தன. பிள்ளை அழுதால் வேலியால் எட்டிப் பார்த்து, "தா புள்ளய" என்று வாங்கிக்கொள்ள ஒரு மூத்தம்மா இருந்தார். இன்று பலர் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாடகை வீடுகளில் தனித்து வாழ்கிறார்கள். கணவன் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறான். அல்லது காலையில் போய் இரவில் களைத்து வருகிறான். நாற்பது முடிந்ததும் உம்மா ஊருக்குத் திரும்புகிறார். ஆளில்லாத வீட்டில் அழும் குழந்தையும் தூக்கமில்லாத தாயும் மட்டும்.

உலுப்புபவர்கள் கொடியவர்கள், நமது வீடுகளில் அப்படி எவரும் இல்லை என்று நினைப்பதும் தவறு. மேற்கு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண்களே இதற்குக் காரணமாக இருந்துள்ளனர். தந்தைமாரும் தாயுடன் வாழும் ஆண்களும் அதில் முன்னிற்கின்றனர். அடுத்து பிள்ளை பராமரிப்பவர்களும் தாய்மாரும் வருகின்றனர். அவர்களில் பலர் அந்த நிமிடம் வரை பிள்ளையை நேசித்தவர்கள். நமது சூழலில் இந்தப் பட்டியலோடு இன்னும் சிலரைச் சேர்க்க வேண்டும். பாடசாலை விட்டு வந்து தம்பியைத் தூக்கும் காக்கா, ராத்தாவின் பிள்ளையைப் பார்க்கும் பதினான்கு வயதுத் தங்கை, வீட்டு வேலைக்கு வந்த பெண். பிள்ளையை அவர்களிடம் கொடுக்கும்போது பால் போத்தலைக் காட்டுகிறோம், துணி இருக்கும் இடத்தைக் காட்டுகிறோம். அழுதால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கிறோமா?

அந்த நேரத்தில் என்ன செய்வது?

முதலில் காரணத்தைத் தேடுங்கள். பசியா, துணி நனைந்திருக்கிறதா, வியர்க்கிறதா, நுளம்பு கடித்திருக்கிறதா, விரலில் நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். உடம்பு சுடுகிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால் வீட்டில் வைத்திருக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

காரணம் எதுவும் தெரியாவிட்டால் நெஞ்சோடு அணைத்து நடக்கலாம், ஏணையில் இடலாம், மெல்லிய குரலில் ஓதலாம். சில வேளை அடங்கும். சில வேளை அடங்காது. அடங்காவிட்டால் நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை.

உங்கள் பற்கள் இறுகுகின்றன, கைகள் இறுகுகின்றன, கத்த வேண்டும் போல இருக்கிறது என்றால், அதுதான் நிறுத்த வேண்டிய இடம். குழந்தையைப் பாயிலோ தொட்டிலிலோ மல்லாக்கக் கிடத்துங்கள். பக்கத்தில் தலையணையோ தளர்ந்த துணியோ இருக்கக் கூடாது. அறையை விட்டு வெளியே போங்கள். ஐந்து, பத்து நிமிடங்கள் போதும். முகம் கழுவுங்கள், வுழூச் செய்யுங்கள், ஒரு தேநீர் ஊற்றுங்கள், உம்மாவுக்குத் தொலைபேசி எடுங்கள். பிறகு திரும்பி வந்து பாருங்கள். பத்து நிமிடம் தனியே அழுத குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பத்து விநாடி உலுப்பப்பட்ட குழந்தைக்கு எல்லாமே முடிந்துவிடலாம்.

"பிள்ளை கத்தக் கத்த விட்டுட்டு வெளியில நிக்கிறாளே" என்று அயல்வீட்டார் பேசுவார்கள் என்ற பயம் நமது பெண்களுக்கு உண்டு. அப்படி ஒரு தாய் வெளியே நிற்கக் கண்டால் அவளைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே போய்ப் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள்.

நாட்கணக்கில் அழுகை வருகிறது, தூக்கம் வரவில்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று ஒரு தாய் சொன்னால், அது பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வாக இருக்கலாம். குணப்படுத்தக்கூடிய நோய் அது. ஈமான் குறைவு என்று சொல்லி அவளது வாயை அடைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

உலுப்பிவிட்டால்?

இதை எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதாமல் விட முடியாது. எவராவது குழந்தையை உலுப்பிவிட்டால், அல்லது அப்படி நடந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இலவசம்.

பால் குடிக்க மறுப்பது, காரணமின்றி வாந்தி எடுப்பது, எழுப்ப எழுப்பத் தூங்குவது, உடல் துவண்டு போவது அல்லது விறைப்பது, வலிப்பு, மூச்சு விடச் சிரமப்படுவது, உச்சிக்குழி புடைப்பது, கண்மணிகள் இரண்டும் வேறு வேறு அளவில் தெரிவது ஆகியவை அடையாளங்கள். வெளியே ஒரு தழும்பும் இல்லாமலே இவை வரலாம். சாதாரண வாந்தி என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ தவறாக எண்ணி நேரத்தைக் கடத்த வாய்ப்பு அதிகம்.

வைத்தியரிடம் நடந்ததை மறைக்காதீர்கள். "கட்டிலால் விழுந்துட்டான்" என்ற பொய், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையைத் தாமதப்படுத்தும். பொலிஸ், நீதிமன்றம், ஊர்ப்பேச்சு என்ற பயம் விளங்குகிறது. ஆனால் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு நமது மானம் காத்திருக்கச் சொன்னால் காத்திருக்காது. ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதை அறிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எவரும் அறிவிக்கலாம்.

அதேவேளை, ஒரு வீட்டில் குழந்தை மரணித்தால் உடனே எவரையும் குற்றவாளியாக்கிவிடவும் கூடாது. 1997 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், பிள்ளை பராமரிக்கச் சென்ற லூயிஸ் வூட்வர்ட் என்ற பிரித்தானிய யுவதியின் வழக்கு உலகையே பார்க்க வைத்தது. 8 மாதக் குழந்தையின் மரணத்துக்காக ஜூரிகள் அவரைக் கொலைக் குற்றவாளியாகக் கண்டனர். சில நாட்களில் நீதிபதி அதை உள்நோக்கமற்ற மரணம் விளைவித்தலாகக் குறைத்து, அவர் ஏற்கெனவே சிறையிலிருந்த 279 நாட்களையே தண்டனையாக்கினார். மூளையில் இரத்தக் கசிவு இருப்பதை மட்டும் வைத்து உலுப்பியதாக முடிவு செய்யலாமா என்பதில் வைத்தியர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. குழந்தையை உலுப்புவதற்கும் மூளையைச் சுற்றிய இரத்தக் கசிவுக்கும் உள்ள தொடர்பை 1971 இல் எழுதிக் கவனப்படுத்திய பிரித்தானிய வைத்தியர் நோர்மன் கத்கெல்ச், தனது முதுமையில் நீதிமன்றங்கள் இதனை அவசரமாகப் பயன்படுத்துவது குறித்துக் கவலை தெரிவித்தார். குற்றத்தைத் தீர்மானிப்பது வைத்தியர்களினதும் நீதிமன்றத்தினதும் வேலை. தடுப்பதுதான் நமது வேலை. உலுப்புவது ஆபத்தானது என்பதில் எவருக்கும் விவாதமில்லை.

பிற நாடுகள் செய்தது

1998 இன் இறுதியில் அமெரிக்காவின் மேற்கு நியூயோர்க் பகுதியில் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் மார்க் டயஸ் ஓர் எளிய திட்டத்தைத் தொடங்கினார். பிரசவித்த தாய் வீடு செல்லுமுன், தாய், தந்தை இருவருக்கும் தாதியர் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்து, ஒரு சிறிய வீடியோவைக் காட்டி, குழந்தையை உலுப்பக் கூடாது என்பதை விளக்கினர். விளங்கிக்கொண்டோம் என்று பெற்றோர் விரும்பிக் கையொப்பமிட்டனர். ஐந்தரை வருடங்களில் அப்பகுதியில் இத்தகைய காயங்கள் 47 வீதம் குறைந்தன. ஆனால் அதே முறையைப் பென்சில்வேனியா மாநிலம் முழுவதும் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதனை வேறு விதமாகச் செய்தார்கள். வைத்தியசாலையில் ஒரு தடவை சொல்வதோடு விடாமல், பொதுச் சுகாதாரத் தாதி பெற்றோரைத் தொடர்புகொள்ளும்போது மீண்டும் சொன்னார். பொதுமக்களிடையேயும் பிரசாரம் நடந்தது. அங்கே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே இத்தகைய தலைக்காயங்கள் 35 வீதம் குறைந்தன.

நமது ஊர்கள் செய்யக்கூடியது

இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. பிறகு மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வருகிறார். கனடா செய்த இரண்டு வேலைகளுக்கும் தேவையான ஆட்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இந்தச் செய்தியை ஒரு பக்கத்தில் அச்சிட்டு, கிளினிக் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தால் போதும். மிட்வைஃப் மிஸ் வரும்போது வாப்பாமாரும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். எழுந்து கடைக்குப் போய்விடக் கூடாது.

பள்ளிவாசல் நிருவாகங்கள் திருமணத்துக்கு முன்னர் நடத்தும் வழிகாட்டல் வகுப்புகளில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். கதீப்மார்கள் வருடத்தில் ஒரு ஜும்ஆவிலாவது சொல்லலாம். தொழுகையில் நிற்கும்போது குழந்தையின் அழுகுரல் கேட்டால், அந்தத் தாயின் மனம் படும் பாட்டை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பது நாம் அனைவரும் அறிந்த ஹதீஸ். அழும் குழந்தையின் தாய்க்கு ஜமாஅத் முழுவதும் விட்டுக்கொடுத்த வழிமுறை நமக்கு இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு முட்டை, ஒரு ஜாம் போத்தல், கொஞ்சம் தண்ணீர். செலவு அவ்வளவுதான். தரம் 9, 10 மாணவர்களுக்குச் செய்து காட்டுங்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு தம்பியையோ தங்கையையோ தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

எல்லாவற்றிலும் இலகுவானது, நாற்பதை நீட்டுவது. உம்மா ஊருக்குப் போக வேண்டும் என்றால் போகட்டும். ஆனால் அடுத்த எட்டு வாரங்களுக்கு யார், எந்த நாளில், எத்தனை மணித்தியாலம் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வது என்று குடும்பத்தில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போகட்டும். பிள்ளை பார்க்க வருபவர்கள் பேபி சோப் பெட்டியோடு வருகிறார்கள். அதற்குப் பதிலாக இரண்டு மணித்தியாலம் பிள்ளையை வைத்துக்கொண்டு, தாயைத் தூங்கவிட்டால் அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

அந்த மாணவனை நேற்றும் பாடசாலை வாசலில் கண்டேன். தம்பி இப்போது கவிழ்ந்து படுக்கிறானாம், இவனைக் கண்டால் சிரிக்கிறானாம். "இப்பவும் அழுறான் சேர். அழுதா பாயில வெச்சிட்டு முத்தத்துக்குப் போயிருவன். உம்மாவும் இப்ப அப்பிடித்தான்" என்றான்.

எனது மகன் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு உயர்தரத்தில் எந்தப் பிரிவைத் தெரிவு செய்வது என்று வீட்டில் வாதாடிக்கொண்டிருக்கிறான். அந்த இரவைப் பற்றி அவனுக்கு நான் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.